இங்கிலாந்தில் நர்சரிச் செலவுக்கு அரசு உதவி: குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

நர்சரிச் செலவுக்கான அரசு உதவி இங்கிலாந்தில் ஒரே கதவு வழியாக வருவதில்லை. கொஞ்சம் கவுன்சில் வழியாக, கொஞ்சம் வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி. வழியாக, கொஞ்சம் குறைந்த வருமானத்தவருக்கான மாதக் கொடுப்பனவான யூனிவர்சல் கிரெடிட் வழியாக வரும். ஓரிடத்தில் பதிந்துவிட்டோம், மற்ற இடங்களுக்கும் தானாகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்துப் பலர் காத்திருக்கிறார்கள். அப்படிப் போய்ச் சேராது.

புதிதாக விண்ணப்பிக்கும் பெற்றோரோடு உட்கார்ந்து படிவம் நிரப்பும்போது நான் திரும்பத் திரும்பக் காண்பது இதுதான்: தகுதி எல்லாம் இருக்கும், ஆனால் மூன்றாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்திருப்பார்கள். நர்சரியில் கையெழுத்துப் போட்டு டெபாசிட்டும் கட்டிவிட்டு, அப்புறம் "அரசு ஏதோ காசு தருமாமே?" என்று கேட்பார்கள். அதற்குள் ஒரு பருவம் போயிருக்கும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இலவச மணி நேரத் திட்டங்களே வேறு. யூனிவர்சல் கிரெடிட், சம்பளம் தொடர்பான தொகைகள் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. ஒவ்வொரு ஏப்ரலிலும் அவற்றை அரசின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் பிள்ளையின் பிறந்த தேதி

இலவச மணி நேரம், அதாவது நர்சரியில் அரசு காசு கட்டும் நேரம், பிறந்தநாளன்று தொடங்காது. பிள்ளை உரிய வயதை எட்டியபின் வரும் அடுத்த பருவத்தில்தான் தொடங்கும். பருவங்கள் தொடங்கும் நாள்கள் மூன்று: ஜனவரி 1, ஏப்ரல் 1, செப்டம்பர் 1.

மார்ச் 31 அன்று இரண்டு வயது முடியும் பிள்ளைக்கு மறுநாளே தகுதி வந்துவிடும். ஒரு நாள் தள்ளி ஏப்ரல் 1 அன்று முடியும் பிள்ளை செப்டம்பர் வரை, அதாவது ஐந்து மாதம், காத்திருக்க வேண்டும். இதில் எந்த அதிகாரியிடமும் மன்றாடிப் பயனில்லை. அவர்கள் கையில் இல்லாத விஷயம்.

எனவே ஒரு தாளில் மூன்று தேதிகளை எழுதுங்கள்: ஒன்பது மாதம், இரண்டு வயது, மூன்று வயது முடியும் நாள்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அடுத்த பருவத் தொடக்கத்தைக் குறியுங்கள். வேலைக்குத் திரும்பும் நாளை முதலாளியிடம் சொல்வதற்கு முன்பே இந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.

2. விசாவில் பொது நிதிக்கு அனுமதி உண்டா?

இரண்டாவதாக இதைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், இதில் தவறினால் போவது காசு மட்டுமல்ல. 'பொது நிதி (அரசுக் கொடுப்பனவுகள்) பெற முடியாது' என்ற நிபந்தனையுள்ள விசாவில் இருப்பவர் யூனிவர்சல் கிரெடிட் எடுத்தால் அது விசா நிபந்தனையை மீறுவதாகும். பிறகு விசா நீட்டிக்கும்போது தலைவலி. வேலை விசா, மாணவர் விசா, துணைவர் விசா என்று நம்மவர்களில் நிறையப் பேர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். உங்கள் ஈ-விசா கணக்கைத் திறந்தால் அந்த நிபந்தனை அங்கே எழுதியிருக்கும்.

பயந்துபோய் எல்லாவற்றையும் விட்டுவிடுவது இதன் மறுபக்கத் தவறு. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் உள்ள வாரத்துக்கு 15 இலவச மணி நேரம் பொது நிதியாகக் கணக்கிடப்படுவதில்லை. விசா எதுவானாலும் எடுக்கலாம். குறைந்த வருமானக் குடும்பத்தின் இரண்டு வயதுப் பிள்ளைக்கான 15 மணி நேரமும் அப்படித்தான், ஆனால் அதற்கு வருமான வரம்பு உண்டு. ஒரு பிள்ளை என்றால் லண்டனுக்குள் ஆண்டுக்கு 34,500 பவுண், வெளியே 26,500 பவுண். இரண்டோ அதற்கு மேலோ என்றால் லண்டனில் 38,600, வெளியே 30,600. சேமிப்பு 16,000 பவுணைத் தாண்டக் கூடாது.

வேலை பார்க்கும் பெற்றோருக்கான 30 மணி நேரத்துக்கும் டாக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேருக்கும் (நீங்கள் போடும் காசோடு அரசும் ஒரு பங்கு சேர்க்கும் கணக்கு) கணவன், மனைவி இருவரில் ஒருவருக்காவது பொது நிதி அனுமதி, பிரிட்டிஷ் அல்லது ஐரிஷ் குடியுரிமை, அல்லது ஐரோப்பியக் குடும்பங்களுக்கான செட்டில்டு, ப்ரீ-செட்டில்டு நிலை இருக்க வேண்டும். ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாத வீடுகளில், யூனிவர்சல் கிரெடிட் படிவத்தைத் தொடுவதற்கு முன் பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உறவுக்காரர் வாட்ஸ்அப்பில் சொன்னதை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள்.

3. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

இருவரின் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, முகவரிச் சான்று. பெயர் எழுதிய விதம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தப் பெயர் விவகாரம் நமக்கென்றே வாய்த்த வில்லங்கம். அப்பா பெயர் ஓரிடத்தில் குடும்பப் பெயராகவும் இன்னோரிடத்தில் முதல் பெயராகவும் ஏறியிருக்கும். கணினி ஒப்பிட்டுப் பார்த்துப் பொருந்தவில்லை என்று திருப்பிவிடும், காரணத்தையும் சொல்லாது. சம்பளச் சீட்டில் உள்ளபடியே எல்லாப் படிவங்களிலும் எழுதினால் பாதித் தொல்லை குறையும்.

4. இரண்டு வயதுப் பிள்ளைக்கான 15 மணி நேரம்

இதைக் கவுன்சிலின் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். யூனிவர்சல் கிரெடிட் வாங்கும் குடும்பமானால், வரி போக வேலை வருமானம் ஆண்டுக்கு 15,400 பவுணுக்குள் இருக்க வேண்டும். அரசுக் கொடுப்பனவுகளை இதில் சேர்ப்பதில்லை. வருமானம் சார்ந்த வேறு சில கொடுப்பனவுகள் வாங்குவோருக்கும், புகலிட ஆதரவில் இருப்போருக்கும், மாற்றுத்திறன் கொடுப்பனவான டி.எல்.ஏ. பெறும் பிள்ளைக்கும் தகுதி உண்டு. பெற்றோர் வேலைக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனை இதில் இல்லை.

யூனிவர்சல் கிரெடிட்டுக்கு நீங்கள் தகுதியானவர், ஆனால் இன்னும் எடுக்கவில்லை என்றால், அதை முதலில் பதியுங்கள். முதல் கொடுப்பனவு வர ஏறக்குறைய ஐந்து வாரம் ஆகும். கவுன்சில் உங்கள் தகுதியைப் பார்ப்பது அந்தப் பதிவை வைத்துத்தான். பருவம் தொடங்கும் வாரத்தில் இரண்டையும் ஒன்றாக ஆரம்பித்தால் எதுவும் நேரத்துக்கு முடியாது.

இந்தத் திட்டத்தில் பெற்றோருக்குத் தெரியாத ஒரு நன்மை உண்டு. பிள்ளை தகுதி பெற்று நர்சரியில் இடம் எடுத்துவிட்டால், பின்னர் உங்கள் சம்பளம் ஏறினாலும் அந்த 15 மணி நேரத்தைப் பறிக்க மாட்டார்கள். "அடுத்த மாதம் கூடுதல் ஷிப்ட் வருகிறது, எதற்கு விண்ணப்பிப்பது" என்று விட்டுவிடாமல் தகுதி இருக்கும் மாதத்திலேயே போட்டுவிடுங்கள்.

15 மணி நேரம் என்பது ஆண்டுக்கு 38 வாரம், மொத்தம் 570 மணி நேரம். 52 வாரமும் 15 என்று நினைத்துக் கணக்குப் போட்டவர்கள் ஆகஸ்ட் மாத இன்வாய்ஸைப் பார்த்துத் திகைப்பார்கள். சில நர்சரிகள் அதே 570 மணியை 51 வாரத்துக்குப் பரப்பித் தரும். அப்போது வாரத்துக்கு 11 மணிக்குச் சற்று மேல் வரும். வருடம் முழுக்க வேலை என்றால் பரப்பி எடுப்பது வசதி, ஏனென்றால் மாதக் கட்டணம் ஏறி இறங்காது.

5. வேலை பார்ப்பவர்களுக்கான 30 மணி நேரம்: கோட் எடுப்பது

செப்டம்பர் 2025 முதல், ஒன்பது மாதப் பிள்ளையிலிருந்து பள்ளி தொடங்கும் வரை வாரத்துக்கு 30 மணி நேரம், ஆண்டுக்கு 38 வாரம். இதற்கு வீட்டில் உள்ள இரு பெற்றோரும் (தனியாக வளர்ப்பவரானால் அவர் மட்டும்) வாரத்துக்கு 16 மணி நேரக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஈடாகவாவது சம்பாதிக்க வேண்டும். 21 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு அது வாரத்துக்குச் சுமார் 195 பவுண்.

பதினாறு மணி நேரம் வேலை செய்தே ஆக வேண்டும் என்று பலர் படிக்கிறார்கள். உண்மையில் பார்ப்பது சம்பாத்தியத்தை. மணிக்குக் கூடுதலாகச் சம்பளம் வாங்குபவர் குறைவான மணி நேரம் வேலை செய்தாலும் போதும். அடுத்த மூன்று மாதத்துக்கான மொத்தத்தைத்தான் பார்ப்பார்கள் என்பதால் ஒரு வாரம் குறைந்து ஒரு வாரம் கூடினாலும் பரவாயில்லை. சுயதொழில் தொடங்கி 12 மாதத்துக்குள் என்றால் இந்தக் குறைந்தபட்சம் பொருந்தாது. துணைவர் கேரர்ஸ் அலவன்ஸ் (பிறரைப் பராமரிப்போருக்கான கொடுப்பனவு) போன்ற சில கொடுப்பனவுகளில் இருந்தால், ஒருவர் மட்டும் வேலை பார்த்தாலும் தகுதி வரும்.

அரசின் தளத்தில் கணக்குத் தொடங்கி விண்ணப்பித்தால் 11 இலக்கக் கோட் ஒன்று கிடைக்கும். நர்சரிக்குக் கொடுக்க வேண்டியது அந்தக் கோட், உங்கள் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண், பிள்ளையின் பிறந்த தேதி. பருவம் தொடங்குவதற்கு முந்தைய நாளுக்குள் கோட் கையில் இருக்க வேண்டும்: ஏப்ரலுக்கு மார்ச் 31, செப்டம்பருக்கு ஆகஸ்ட் 31, ஜனவரிக்கு டிசம்பர் 31. ஒரு நாள் பிந்தினாலும் அந்தப் பருவம் போச்சு. கடைசி வாரத்தில் தொடங்காதீர்கள். ஏதாவது ஆவணம் கேட்டால் பல நாள் இழுக்கும். செப்டம்பருக்கு ஜூன் நடுவிலிருந்து ஜூலை முடிவுக்குள், ஜனவரிக்கு அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடிவுக்குள், ஏப்ரலுக்கு ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிவுக்குள் விண்ணப்பிப்பது பாதுகாப்பு.

கோட் எடுத்ததோடு வேலை முடியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே கணக்கில் நுழைந்து "நிலைமை மாறவில்லை" என்று உறுதிப்படுத்த வேண்டும். மின்னஞ்சலில் நினைவூட்டல் வரும். அது ஸ்பாமில் விழுந்து கிடக்கும். போன் காலண்டரில் போட்டுவிடுங்கள். கோட் காலாவதியானால், ஏற்கெனவே நர்சரியில் இருக்கும் பிள்ளைக்குச் சிறிது சலுகைக் காலம் உண்டு. புதிதாகச் சேரும் பிள்ளைக்கு அது கிடையாது.

இரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்த இரண்டு திட்டத்திலும் தகுதி இருக்கிறதா? அப்படியானால் நான்காம் படியில் சொன்ன 15 முதலில், மீதி 15 இந்தத் திட்டத்தில். மொத்தம் 30தான், ஆனால் பிறகு வேலை போனால் முதல் 15 உங்களிடம் நிலைத்திருக்கும். இதை நர்சரி அலுவலகத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் பழக்கத்தில் எல்லாவற்றையும் கோட்டிலேயே போட்டுவிடக்கூடும்.

6. மிச்சக் கட்டணத்துக்கு: யூனிவர்சல் கிரெடிட்டா, டாக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேரா?

இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்க முடியாது. குறைந்த சம்பளக் குடும்பத்துக்குப் பெரும்பாலும் யூனிவர்சல் கிரெடிட்தான் இலாபம். அது நீங்கள் கட்டிய கட்டணத்தில் 85 விழுக்காடு வரை தரும். உச்சவரம்பு ஒரு பிள்ளைக்கு மாதம் 1,031.88 பவுண், இரண்டு பிள்ளைக்கு 1,768.94 பவுண். டாக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேரில் நீங்கள் 8 பவுண் போட்டால் அரசு 2 பவுண் போடும். பிள்ளைக்கு ஆண்டுக்கு 2,000 பவுண் வரை. சேமிப்பு 16,000 பவுணைத் தாண்டியதால் யூனிவர்சல் கிரெடிட் கிடைக்காதவர்கள் இரண்டாவதைப் பார்க்கலாம். ஊரில் உங்கள் பெயரில் உள்ள காணி, வாடகைக்கு விட்ட வீடு எல்லாம் அந்தச் சேமிப்புக் கணக்கில் சேரும், மறந்துவிடாதீர்கள்.

இங்கே ஒரு பொறி. 30 மணி நேரத்துக்கு விண்ணப்பிக்கும் அதே இணையப் படிவத்தில்தான் டாக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேரும் இருக்கிறது. யூனிவர்சல் கிரெடிட் எடுப்பவர் அதை அந்தப் படிவத்தில் சொல்லி, மணி நேரத்தை மட்டும் கேட்க வேண்டும். வருகிறதை எல்லாம் டிக் செய்துகொண்டே போனால் பிறகு அவிழ்ப்பது கஷ்டம்.

யூனிவர்சல் கிரெடிட்டின் இந்த உதவிக்கு இருவரும் வேலையில் இருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் என்ற குறைந்தபட்சம் இல்லை. ஒருவர் நோயால் வேலை செய்ய இயலாதவர் என்று மதிப்பிடப்பட்டிருந்தால் விதிவிலக்கு உண்டு. வேலை உறுதியாகிவிட்டால், அது தொடங்குவதற்கு முந்தைய ஒரு மாத நர்சரிச் செலவையும் கேட்கலாம். பிள்ளையைப் பழக்க அந்த மாதம் தேவைப்படும்.

85 விழுக்காடு அப்படியே கைக்கு வரும் என்று எண்ண வேண்டாம். அந்தத் தொகை முதலில் உங்கள் யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் கூடும். அப்புறம் சம்பளத்துக்கு ஏற்ப, பவுணுக்கு 55 பென்ஸ் வீதம், மொத்தத்திலிருந்து கழிப்பார்கள். இதன் இன்னொரு விளைவு நல்லது: "சம்பளம் கூடுதல், உங்களுக்கு இல்லை" என்று முன்பு சொல்லப்பட்ட குடும்பத்துக்கு, நர்சரிச் செலவு கணக்கில் ஏறியபின் கொடுப்பனவு வரக்கூடும். பழைய பதிலை நம்பாமல் புதிய செலவைப் போட்டு ஓர் இணையக் கணிப்பானில் மறுபடி பாருங்கள்.

7. நர்சரியில் கையெழுத்துப் போடுமுன்

நர்சரியோ, தன் வீட்டில் வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சைல்ட்மைண்டரோ, அரசின் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்ஸ்டெடில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மம்மாவுக்கோ சித்திக்கோ நீங்கள் கொடுக்கும் காசு கணக்கில் வராது.

மூன்று கேள்வி கேளுங்கள். அரசு நிதியுள்ள இடம் இந்தப் பருவத்தில் காலியா? மணி நேரத்தைப் பரப்பித் தருவீர்களா? இலவச மணி நேரத்துக்கு மேல் என்னென்ன காசு? மூன்றாவதுக்குத்தான் பதில் வழுக்கும். சாப்பாடு, நாப்பி, வெளிச்சுற்றுலா போன்றவற்றுக்கு நர்சரி காசு கேட்கலாம், ஆனால் அந்தக் காசு கட்டினால்தான் இடம் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிடலாமா என்று நேராகக் கேளுங்கள். இன்வாய்ஸில் இலவச மணி, கூடுதல் மணி, சாப்பாடு, மற்றவை என்று தனித்தனி வரியாக வர வேண்டும். 'மொத்தம்' என்று ஒரே எண் மட்டும் வந்தால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஒன்பதாம் படியில் அது உங்களுக்கே தேவைப்படும்.

ஏர்லி இயர்ஸ் பியூபில் பிரீமியம் என்று ஒரு படிவம் நீட்டினால் நிரப்பிக் கொடுங்கள். உங்கள் கட்டணம் குறையாது. உங்கள் பிள்ளைக்காக நர்சரிக்குக் கூடுதல் நிதி போகும்.

8. முதல் மாதக் காசு

யூனிவர்சல் கிரெடிட் நீங்கள் கட்டியபின்தான் திருப்பித் தரும். சம்பளமே வராத நிலையில் டெபாசிட்டுக்கும் முதல் மாதத்துக்கும் எங்கே போவது? ஜூன் 2023 முதல், புதிதாக வேலைக்குச் சேருபவருக்கும் வேலை மணி நேரத்தைக் கூட்டுபவருக்கும் அந்த முதல் கட்டணத்தை முன்பணமாகவே கொடுக்க வழி இருக்கிறது. ஃப்ளெக்சிபிள் சப்போர்ட் ஃபண்ட் என்று கேட்க வேண்டும். இது கடன் அல்ல, திருப்பிக் கட்ட வேண்டாம்.

ஆனால் கேட்டால்தான் கிடைக்கும், அதுவும் காசு கட்டுமுன் கேட்க வேண்டும். இன்வாய்ஸ் வந்த அன்றே யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கின் செய்திப் பக்கமான ஜேர்னலில் உங்கள் வொர்க் கோச்சுக்கு (உங்களைக் கவனிக்கும் ஜாப்சென்டர் அதிகாரி) எழுதுங்கள்: வேலை தொடங்கும் தேதி, நர்சரியின் பெயர், பதிவு எண், கட்ட வேண்டிய தொகை, கடைசி நாள். அவ்வளவு போதும். "உதவி வேண்டும்" என்று மட்டும் எழுதினால், என்ன உதவி என்று கேட்டு வரும் பதிலிலேயே ஒரு வாரம் போய்விடும்.

கடன் வாங்கி முதல் மாதத்தைக் கட்டிவிட்டு அப்புறம் இதைக் கேட்பவர்கள்தான் அதிகம். கட்டிய காசுக்கு முன்பணம் தர மாட்டார்கள்.

9. ஒவ்வொரு மாதமும் செலவைப் பதிவது

உங்கள் யூனிவர்சல் கிரெடிட் மாதம் காலண்டர் மாதம் அல்ல. உதாரணமாக அது 12ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 11ஆம் தேதி முடிகிறது என்று வைப்போம். அக்டோபர் 5 அன்று நர்சரிக்குக் கட்டினால் அது செப்டம்பர் 12 முதல் அக்டோபர் 11 வரையான கணக்கில் சேரும். அக்டோபர் 11க்குள் பதிந்தால் அந்த மாதக் கொடுப்பனவிலேயே காசு வரும். கடைசிக் கெடு அடுத்த கணக்கு முடியும் நவம்பர் 11. அதற்கும் பிந்தினால் தக்க காரணம் காட்ட வேண்டியிருக்கும். இல்லையேல் அந்தக் காசு போனதுதான்.

பதிவது நீங்கள் கட்டிய தொகையை மட்டும். 900 பவுண் இன்வாய்ஸில் இலவச மணி நேரத்துக்கு 500 கழிந்து நீங்கள் 400 கட்டினால், எழுத வேண்டியது 400. 900 என்று எழுதினால் கூடுதலாக வந்த காசைப் பின்னால் பிடித்துக்கொள்வார்கள்.

சான்றாகக் கேட்பது இன்வாய்ஸ் அல்லது ரசீது, கட்டியதைக் காட்டும் வங்கி அறிக்கை. நர்சரியின் பெயர், பதிவு எண், பிள்ளையின் பெயர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது எல்லாம் தெரிய வேண்டும். சைல்ட்மைண்டருக்குக் கையில் காசாகக் கொடுத்துவிட்டு, "அவவைக் கேட்டுப் பாருங்கள்" என்றால் எடுபடாது. வங்கி வழியாகவே கட்டுங்கள்.

நர்சரிக் கட்டணம் மாறினாலும், பிள்ளை நின்றாலும், வேலை மணி நேரம் குறைந்தாலும் அதே வாரத்தில் ஜேர்னலில் போடுங்கள்.

10. மறுத்துவிட்டால்

முதலில் எந்த இடம் மறுத்தது என்று பாருங்கள். கவுன்சில் மறுத்தால் அநேகமாக எண்ணோ பிறந்த தேதியோ பொருந்தாத விஷயம். சம்பளச் சீட்டையும் யூனிவர்சல் கிரெடிட் அறிக்கையையும் அனுப்பி, ஆவணம் பார்த்து முடிவு செய்யச் சொல்லுங்கள். கவுன்சிலின் குடும்பத் தகவல் சேவையில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் தேவை என்றாலும் அங்கேயே கேட்கலாம்.

யூனிவர்சல் கிரெடிட் நர்சரிச் செலவை மறுத்தால், முடிவு வந்த ஒரு மாதத்துக்குள் 'மேண்டேட்டரி ரீகன்சிடரேஷன்' (முடிவை மறுபடி பரிசீலிப்பது) வேண்டும் என்று ஜேர்னலில் எழுதுங்கள். தொலைபேசியில் சண்டை பிடித்தது பதிவாகாது. ஜேர்னலில் எழுதியது தேதியோடு நிற்கும். எழுதும்போது கட்டிய நாள், பதிந்த நாள், தொகை மூன்றையும் ஒரே வரியில் வைத்து, இன்வாய்ஸை மறுபடி இணையுங்கள். அதிலும் மறுத்தால் அடுத்த ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் அந்தப் படிவத்தை உட்கார்ந்து நிரப்ப உதவுவார்கள்.